முதலில் கியர்பாக்ஸைத் தேடுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பட்டறைக்காரர்களுக்கும், தேனி, போடி, உத்தமபாளையம் பக்கத்துப் பொறியியல் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, பட்டறையில் நிற்கும் அண்ணன்மார்களே,

கியர்பாக்ஸ் வேலையிலேயே காலம் கழித்தவன் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் சிலருக்குச் சொந்தமாக ஒரு ரேஸ் கார் கட்ட வேண்டும் என்று ஆசை. ஐந்நூறு கிலோவுக்குள் எடை. ஓட்டுபவர் முதுகுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் இன்ஜின். ரோட்டில் ஓட்ட இல்லை, டிராக்கில் மட்டும். நல்ல ஆசை. அதற்காக அவர்கள் கேட்கும் முதல் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை: "எந்த இன்ஜின் போடலாம்?"

அந்தக் கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். முதலில் எந்த வண்டியின் கியர்பாக்ஸ் என்று முடிவு செய்யுங்கள். அது முடிவானால் இன்ஜின், பின் சக்கரத்தின் ஹப், சஸ்பென்ஷன் கைகள், சட்டத்தின் பின்பாதி எல்லாம் அதைச் சுற்றி அமைந்துவிடும். காரணம் எளிது. சட்டத்தைத் தேனியிலேயே வெல்டு வைத்துக் கட்டிவிடலாம். சஸ்பென்ஷன் கைகளை லேத்தில் கடைந்து எடுக்கலாம். ஆனால் பல் வெட்டி, கரியேற்றிக் கடினமாக்கி, அரைத்து முடித்த கியர்களையும், கிரவுனையும், டிஃபரன்ஷியலையும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடக்கிய டிரான்ஸாக்சிலை எந்தப் பட்டறையும் ஒரு காருக்காகச் செய்ய முடியாது. அதை ஏற்கெனவே ஓடிய ஒரு வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இப்படி எடுப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். 1959இல் ஜாக் பிராபம் உலக சாம்பியன் ஆன கூப்பர் கார், இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் கார். அதன் கியர்பாக்ஸ் பிறந்த இடம் சித்ரோவன் டிராக்ஸியோன் அவான் என்ற பிரெஞ்சுக் குடும்பக் கார். 1934இல் வந்த, முன் சக்கரம் இழுக்கிற வண்டி அது. அந்தப் பெட்டியைத்தான் திருத்தி, பலப்படுத்தி, பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று பந்தய கியர்பாக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் ஹியூலண்ட் நிறுவனமும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கியர்பாக்ஸ் கூட்டை எடுத்து உள்ளே தன் கியர்களைப் போட்டுத்தான் ஆரம்பகாலப் பந்தயப் பெட்டிகளைச் செய்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோயம்புத்தூருக்கு வாருங்கள். எஸ்.கரிவர்தன் என்ற பெயர் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குக் கவலை உண்டு. மில் குடும்பத்தில் பிறந்து, சோழவரம் பழைய விமானத் தளத்தில் கார் ஓட்டியவர். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்குப் பணக்காரனாகப் பிறந்திருக்க வேண்டும் என்றிருந்த நாளில், மாருதி 800இன் 796 சிசி இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் அப்படியே ஒரு குழாய்ச் சட்டத்தின் பின்பக்கம் ஏற்றினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். ஊர் ஊராக மாருதி ஓடிக்கொண்டிருந்ததால் உதிரிபாகமும் ஊர் ஊராகக் கிடைத்தது. கிளட்ச் தேய்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கலாம். அந்த வகுப்பில் பந்தயம் பழகிய ஒரு பையன்தான் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருக்குப் பிறகு வந்த ஃபார்முலா எல்ஜிபி கார்களும் அதே வழியில், மாருதியின் 1,300 சிசி இன்ஜினோடு ஓடுகின்றன. அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒரு பாகம் என்று நான் நினைக்கவில்லை. எதைத் தானே செய்ய வேண்டும், எதை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று பிரித்துப் பார்த்த தீர்மானம் அது.

சரி, நமக்கு எந்த வண்டி?

நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஜீப். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி, சாயங்காலம் இறங்குகிற ஜீப்புகள். அவற்றின் கியர்பாக்ஸை இருட்டில் பிரித்துப் பூட்டுகிற கைகள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டி இந்தக் காருக்கு ஆகாது. நீளவாக்கில் நிற்கும் இன்ஜின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், புரப்பல்லர் ஷாஃப்ட், கடைசியில் தனியாக ஒரு கிரவுன். ஐந்நூறு கிலோ காருக்கு அந்த இரும்பே பாரம். ஆம்னி வேனும் ஆகாது. இன்ஜின் மாருதி 800இன் இன்ஜின்தான், ஆனால் அதுவும் புரப்பல்லர் வைத்துப் பின் சக்கரத்தைத் தள்ளுகிற வண்டி. ஆம்னி கியர்பாக்ஸை "மாருதி பெட்டி" என்று சொல்லி விற்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொரு பெட்டி மஹிந்திரா ஆல்ஃபா ஆட்டோவுடையது. 2007 முதல் நடக்கும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியில் எத்தனையோ அணிகள் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் 10 குதிரைத்திறன் இன்ஜினோடு அதைத்தான் மாட்டின. டிஃபரன்ஷியலோடு சேர்ந்த சின்னப் பெட்டி, விலையும் குறைவு. பாறையும் சேறும் ஏற அது பொருத்தம். டிராக்குக்கு ஆகாது, ஏனென்றால் அதன் கியர் விகிதங்கள் மூட்டை சுமக்கிற வண்டிக்கென்று வைத்தவை. இரண்டாவது மூன்றாவது கியருக்குள் இன்ஜின் கத்தி முடித்துவிடும்.

மிச்சம் இருப்பவற்றில் என் கணிப்பு இது. முதல் கார் என்றால் மாருதி 800 அல்லது ஜென். பாகம் கிடைக்கும், பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்கும், கெட்டுப்போனால் மனசு உடையாது. 800இல் கியர் மாற்றுவது கம்பி வழியாக. அந்தக் கம்பியை ஓட்டுநர் பக்கத்திலிருந்து பின்னால் வரை கொண்டுபோக இரண்டு மூன்று மூட்டு வேண்டும், ஒவ்வொரு மூட்டிலும் ஆட்டம் சேரும். 2010இல் வந்த ஆல்டோ கே10இல் கேபிள் வழியாகக் கியர் மாறுகிறது. கேபிள் எந்த வளைவிலும் போகும் என்பதால் நடுவில் இன்ஜின் வைக்கிறவனுக்கு அது பெரிய வசதி. 998 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் லேசான காருக்குத் தாராளம். ஸ்விஃப்டின் 1.3 இன்னும் பலம், ஆனால் பலம் கூடக் கூட ஷாஃப்ட், ஹப், பிரேக் என்று எல்லாம் கூடும்.

டாடா நானோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல் வந்து, பத்து வருடத்துக்குள் நின்றுபோன அந்த வண்டியில் 624 சிசி இன்ஜினும் டிரான்ஸாக்சிலும் பின்னாலேயே இருந்தன. முன்னால் கியர் லீவர், பின்னால் பெட்டி என்ற ஏற்பாடு அதில் தயாராக இருக்கிறது. பின் ஹப்பும் டிரைவ் ஷாஃப்டும் பின் சக்கரத்துக்கென்றே செய்தவை. நம் நாட்டில் பாகங்களைத் தானம் தர இவ்வளவு பொருத்தமான வண்டி வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஒரே குறை, அந்தப் பெட்டி 35, 40 குதிரைத்திறனுக்கென்று செய்தது. நானோ இன்ஜினோடு சேர்த்தே எடுத்து, காரை 400 கிலோவுக்குள் கட்டுகிறவர்களுக்கு அது போதும். அதில் பெரிய இன்ஜின் மாட்ட ஆசைப்பட்டால் கியர் பல் முதலில் சொல்லும்.

வாங்கும்போது பெட்டியை மட்டும் தனியாக வாங்காதீர்கள். இன்ஜின், கிளட்ச், ஸ்டார்ட்டர், இரண்டு டிரைவ் ஷாஃப்ட், இரண்டு ஹப், கேபிள், மவுண்டிங் ரப்பர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தால் காசு மிச்சம் போலத் தெரியும், பிறகு ஒவ்வொரு துண்டும் ஒரு வாரத்தைத் தின்னும். வண்டியின் ஆர்சி ரத்தான காகிதமும் இன்ஜின் நம்பரும் கையில் இருக்க வேண்டும்.

இனி, திசை. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முன் சக்கரம் இழுக்கும் மாருதியில் இன்ஜின் குறுக்குவாக்கில் முன்னால் நிற்கிறது, டிஃபரன்ஷியல் அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த மொத்தத் தொகுதியையும் முகம் மாற்றாமல் அப்படியே பின்னுக்கு நகர்த்தி, முன் ஆக்சில் இருந்த இடத்தில் பின் ஆக்சில் வருவதுபோல் வையுங்கள். இன்ஜின் ஆக்சிலுக்கு முன்னால் வந்துவிட்டது. நடு இன்ஜின் கார் இதுதான். 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, 1984இன் டொயோட்டா எம்ஆர்2, 1996இன் லோட்டஸ் எலீஸ் எல்லாம் இதே நகர்த்தல்தான். எலீஸ் சுமார் 725 கிலோ எடையில் ரோவர் காரின் இன்ஜினையும் பெட்டியையும் சுமந்தது. எக்ஸாஸ்ட் பின்பக்கம் வரட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்று தொகுதியை அரை வட்டம் திருப்பி வைத்தீர்களானால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரு முன் கியரும் உள்ள கார் கிடைக்கும்.

நீளவாக்குப் பெட்டியில் இதற்கு வழி உண்டு. கிரவுனைப் பினியனின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிடலாம். 1966இன் லோட்டஸ் யூரோப்பாவில் ரெனோ 16இன் பெட்டிக்கு அதைத்தான் செய்தார்கள். ஃபார்முலா வீ என்ற பந்தய வகுப்பின் கார்களில் பீட்டில் பெட்டிக்கும் அதே வைத்தியம். நம் மாருதியின் குறுக்குப் பெட்டியில் அந்த வழி கிடையாது. ஆகவே முகத்தைத் திருப்பாதீர்கள்.

கியர் விகிதத்தை வாங்கும் முன்பே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 13 அங்குலச் சக்கரத்தில் சின்ன டயர், சுற்றளவு 1.67 மீட்டர் என்று வையுங்கள். இன்ஜின் 6,000 சுற்று. கடைசி கியரையும் கிரவுன் விகிதத்தையும் பெருக்கி 4 வந்தால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர். 6 வந்தால் 100தான். கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர், நேர்ப்பாதை நீளம் குறைவு. இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், நீண்ட ஓட்டம் கிடைக்கும். எங்கே ஓட்டப் போகிறீர்களோ அங்கே கடைசி கியரின் உச்சம் வீணாகாமல் இருக்க வேண்டும். கனமான காருக்கென்று வைத்த முதல் கியர் உங்கள் லேசான காரில் பெரும்பாலும் கிளம்ப மட்டும்தான் பயன்படும். ஓட்டமெல்லாம் இரண்டு, மூன்று, நான்கில்.

பட்டறை அண்ணன்மார்களே, அடுத்தது உங்களுக்கு. டிரைவ் ஷாஃப்ட் நீளம் போதாது என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஜீப் புரப்பல்லரை வெட்டி, சுருக்கி, வெல்டு வைத்து, நேர் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் "கொண்டா தம்பி" என்று வாங்கிவிடாதீர்கள். புரப்பல்லர் குழாய். அதில் வரும் முறுக்கு கிரவுனில் பெருகுவதற்கு முந்தையது. இந்த ஷாஃப்டோ உள்ளே திடமான கம்பி, மேல்பரப்பு சூடேற்றிக் கடினமாக்கியது. வெல்டு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும், பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். கணக்கைப் பாருங்கள்: இன்ஜின் முறுக்கு 110 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.5, கிரவுன் 4 என்றால் மொத்தம் 1,540. இரண்டு பக்கமும் பாதி, ஒரு ஷாஃப்டுக்கு 770. கிளட்சைச் சட்டென்று விட்டால் அதற்கும் மேலே போகும். அந்த முறுக்கில் வெல்டு விட்டால் உடைந்த முனை ஓட்டுநருக்கு ஒரு முழம் தள்ளிச் சுழலும். ஆகவே நீளம் மாற்ற வேண்டுமென்றால் ஈஎன்24 கம்பியில் புதிதாகக் கடைந்து, பல் வெட்டி, ஹீட் ட்ரீட்மெண்ட் கொடுத்து வாங்க வேண்டும். கோயம்புத்தூரில் செய்து கொடுப்பார்கள். அதைவிட நல்லது, தானம் தந்த வண்டியின் ஷாஃப்டை வெட்டாமல் வைத்துக்கொண்டு, காரின் பின் அகலத்தை அதற்கேற்ப அமைப்பது. சட்டம் வரையும் பிள்ளைகள் முதல் கோடு போடும் முன் ஷாஃப்ட் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள்.

கார் நிற்கும்போது ஷாஃப்ட் கிட்டத்தட்ட படுக்கையாக இருக்கட்டும். சாய்வு ஐந்து பாகைக்குள் இருந்தால் ஜாயிண்ட் நீண்ட நாள் உழைக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுக்க மேலேற்றியும் முழுக்கக் கீழே இறக்கியும் பாருங்கள். உள் ஜாயிண்ட் மேலே போகும்போது முட்டக் கூடாது, கீழே வரும்போது கழன்று வரக் கூடாது. முன் சக்கரத்து ஹப்பைப் பின்னால் வைக்கிறோம் என்பதால், ஸ்டியரிங் கை பிடித்திருந்த இடத்தில் ஒரு கம்பியைச் சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். அந்தக் கம்பி தளர்ந்தால் பின் சக்கரம் தானாகத் திரும்பும். வளைவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் யாராலும் பிடிக்க முடியாது.

வேறு இன்ஜின், வேறு பெட்டி என்று இணைக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். முதல் காருக்கு இதைத் தவிர்க்கச் சொல்வேன். செய்தே தீருவேன் என்றால் கேளுங்கள்: கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். நூல் கணக்கில் வேலை செய்து பழகிய கைக்கு இது வேறு உலகம். டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, ஹவுசிங்கின் உள்வட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் முள் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் ஆடக் கூடாது. போல்ட் துளை நிலையை நிறுத்தாது, டவல் பின்தான் நிறுத்தும். தள்ளி நின்றாலும் வண்டி ஓடும். ஓடி, கிளட்ச் பிளேட்டின் நடுப்பல்லைத் தின்று, இன்புட் பேரிங்கைத் தின்று, பிறகுதான் நிற்கும். பிளேட்டின் கனம் கூடினால் இன்புட் ஷாஃப்ட் கிளட்சுக்குள் போகும் ஆழம் குறையும், ரிலீஸ் பேரிங் தூரமும் மாறும். இவற்றைக் கூட்டிக் கழித்துத்தான் கனத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஆயில் விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஜீப் கிரவுனுக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயிலை இந்தப் பெட்டியில் ஊற்றாதீர்கள். உள்ளே சின்க்ரோ வளையங்கள் பித்தளை. கம்பெனி புத்தகம் சொல்கிற கிரேடுதான். டிராக் வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மூச்சுத்துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளையிலிருந்து ஒரு குழாயை உயரத் தூக்கி, சின்ன டப்பாவில் விடுங்கள். சிந்திய ஆயில் பின் டயரில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டிவிடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். லேசான காரில் அது வளைவில் முன்பக்கத்தை நேராகத் தள்ளும், ஷாஃப்டையும் வதைக்கும். திறந்த டிஃபரன்ஷியலோடு ஆரம்பியுங்கள். உள் பின்சக்கரம் தரையை விடாமல் சஸ்பென்ஷனை அமைக்கக் கற்றுக்கொள்வதுதான் அதில் கிடைக்கும் படிப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் காரைப் போடிமெட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் தோட்டத்துப் பெண்களை ஏற்றிய ஜீப் எதிரே வரும். சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதையே தடுக்கிறது, பதிவே இல்லாத வண்டிக்குப் பேச்சே இல்லை. கல்லூரி வளாகத்தில் மூடிய இடம் கேளுங்கள். பிறகு லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கொண்டுபோங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து எல்லா கியரும் போட்டு, சக்கரம் சுற்றும் திசையைப் பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். நைசான தூள் இருந்தால் பரவாயில்லை, துணுக்கு இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். போடி அரசுப் பொறியியல் கல்லூரியிலும் தேனியைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் அளவுக் கருவிகள் இருக்கின்றன, வரையும் மென்பொருள் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிகிறது. பட்டறைகளில் பெட்டியின் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் என்று சொல்லும் காது இருக்கிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலை ஏறி வேலை செய்யும் தம்பிகள் கைக்கு அடங்காத பெரிய கியர்பாக்ஸ்களைப் பராமரிக்கிறார்கள். இவர்கள் மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து நான் இதுவரை பார்த்ததில்லை. பேராசிரியர்களே, மெக்கானிக்கை அழைக்கும்போது உதவி என்று அழைக்காதீர்கள். நாள் கூலியைப் பேசிக் கொடுங்கள், திட்ட அறிக்கையில் மாணவர் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். அண்ணன்மார்களே, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஓரத்தைப் பிள்ளைகளுக்கு விடுங்கள், அவர்கள் டயல் கேஜ் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் ஸ்பேனரை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

பெட்டி கையில் கிடைத்ததும் சொல்லி அனுப்புங்கள். பிரிக்கிற அன்றைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பள்ளத்தாக்கின் பழைய கியர்பாக்ஸ் மெக்கானிக்